முதல் வெப்சைட் ஆரம்பிக்கப் போறீங்களா? சாவி யார் கையில இருக்குன்னு முதல்ல பாருங்க



"சார், வீக்கெண்ட்ல சின்னதா ஒரு வேலை பண்றேன். வெப்சைட் ஒண்ணு வேணும். ஒருத்தர் 25,000 ரூபாய் கேக்குறார். கொடுக்கலாமா?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். என் பதில் எப்பவும் ஒண்ணுதான்: கொடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை பண்ணிப் பாருங்க. ரெண்டு சனி, ஞாயிறு போதும். அப்புறமும் ஆள் வெச்சுப் பண்ணலாம்னு தோணினா தாராளமா பண்ணுங்க. ஆனா அப்போ எதுக்குப் பணம் கொடுக்கறோம்னு தெரிஞ்சு கொடுப்பீங்க.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நான் அடி வாங்கியவன். சிஏ முடிச்ச புதுசுல வருமான வரி பத்தித் தமிழ்ல எழுத ஒரு சைட் ஆரம்பிச்சேன். தெரிஞ்ச தம்பி ஒருத்தர் எல்லாத்தையும் செட் பண்ணிக் கொடுத்தார். நான் பணம் அனுப்பினேன், பில் கேக்கல. ரெண்டு வருஷம் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து எழுதினேன். ஒருநாள் காலையில சைட்டைத் திறந்தா யாரோ ஒருத்தரோட விளம்பரப் பக்கம் வருது. டொமைன் அந்தத் தம்பியோட மெயில் ஐடியில ரிஜிஸ்டர் ஆகியிருந்தது. அவர் வேற வேலைக்குப் போய்ட்டார், அந்த மெயிலையே பார்க்கல. ரினீவல் நோட்டீஸ் எல்லாம் அங்கேயே கிடந்து, தேதி முடிஞ்சு, பேர் கை மாறிடுச்சு. பேக்கப்பும் கிடையாது. இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல தேடி, பாதிக் கட்டுரைகளை ஒவ்வொண்ணா காப்பி பண்ணி எடுத்தேன். மீதி போனது போனதுதான்.

ஆடிட்டர்னு பேர், ஊர் முழுக்க "பில் வாங்குங்க, பில் வாங்குங்க"ன்னு சொல்றவன், சொந்த விஷயத்துல பில் வாங்கல. அதனால இன்னைக்குப் பாடம் ரெண்டு விஷயம்: சைட் எப்படி ஆரம்பிக்கறது, அது உங்க சொத்தா எப்படி இருக்கறது.

1. சிஎம்எஸ்னா என்ன?

முன்னாடி ஒரு பக்கம் போடணும்னா கோடிங் தெரியணும். சிஎம்எஸ் அதாவது உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் வந்த பிறகு, வேர்டுல டைப் பண்ற மாதிரி டைப் பண்ணி, "பப்ளிஷ்" அழுத்தினா போதும். எழுத்து, மெனு எல்லாத்தையும் அது ஒரு டேட்டாபேஸ்ல சேமிச்சு, யாராவது பார்க்க வரும்போது பக்கமா மாத்திக் காட்டும்.

இதுல உலகத்துலயே அதிகம் பேர் பயன்படுத்தறது வேர்ட்பிரஸ். 2003-ல மேட் முல்லன்வெக், மைக் லிட்டில்னு ரெண்டு பேர் ஆரம்பிச்சது. மென்பொருள் இலவசம், திறந்த மூலம். அப்போ காசு எதுக்கு? ரெண்டே விஷயத்துக்கு: பேர், இடம். பேருக்குக் கொடுக்கறது டொமைன் கட்டணம், இடத்துக்குக் கொடுக்கறது ஹோஸ்டிங் வாடகை. மத்ததெல்லாம் ஆரம்பத்துல தேவையே இல்ல.

புதுசா வர்றவங்க எல்லாரும் குழம்பற இடம் ஒண்ணு. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க், வேர்ட்பிரஸ் டாட் காம் ரெண்டும் வேற வேற. ஆர்க்ல மென்பொருள் கிடைக்கும், நீங்க இடம் பிடிச்சு வெச்சுக்கணும். காம் ஒரு கம்பெனி நடத்தற சேவை, அவங்க இடத்துலயே உங்களுக்கு ஒரு சைட். இலவசத் திட்டத்துல உங்க முகவரியோட அவங்க பேரும் ஒட்டிக்கிட்டு வரும், அவங்க விளம்பரமும் வரும். எழுதிப் பழக அது போதும். தொழிலுக்குன்னா சொந்த இடம்தான் நல்லது. இந்தப் பாடம் ஆர்க் வழிக்கு.

பைசா செலவில்லாம பழகணுமா? வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட்னு தேடுங்க. பிரவுசர்லயே ஒரு முழு வேர்ட்பிரஸ் திறக்கும். உடைச்சுப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது. முதல் சனிக்கிழமையை இதுலயே செலவு பண்ணுங்க, கார்டை வெளியே எடுக்காதீங்க.

2. டொமைன்: இது பட்டா இல்ல, குத்தகை

உதாரணத்துக்கு, கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில வேலை பார்க்கற கவிதான்னு ஒருத்தங்களை வெச்சுப்போம். வார இறுதியில தெரிஞ்சவங்க வீடுகளுக்கு இன்டீரியர் டிசைன் பண்ணித் தர்றாங்க. அவங்களுக்கு ஒரு சைட் வேணும்.

டொமைனை யாரும் நிரந்தரமா வாங்க முடியாது. ஒரு வருஷம் முதல் அதிகபட்சம் 10 வருஷம் வரைக்கும் பதிவு பண்ணிக்கலாம், பிறகு புதுப்பிக்கணும். டாட் இன் டொமைன்களை நிர்வகிக்கறது நிக்ஸி அமைப்பு. நாம வாங்கறது ரிஜிஸ்ட்ரார்ங்கற விற்பனையாளர் கிட்ட.

கவிதா இங்க கவனிக்க வேண்டியது நாலு:

- "ரெஜிஸ்ட்ரன்ட்"ங்கற இடத்துல அவங்க சொந்தப் பேர் இருக்கணும். டிசைனர் பேரோ, ஏஜென்ஸி பேரோ கூடாது.
- மெயில் ஐடி தனிப்பட்டதா இருக்கணும். ஆபீஸ் மெயில் கொடுக்கவே கூடாது. வேலை மாறின அன்னைக்கு அந்த மெயில் போயிடும், அதோட டொமைனும் ஆபத்துல.
- ஆட்டோ ரினீவல் போட்டாலும், காலண்டர்ல 30 நாள் முன்னாடி ஒரு ரிமைண்டர். கார்டு எக்ஸ்பயரி ஆனா ஆட்டோ ரினீவல் நடக்காது. நம்ம ஊர் கார்டுல தானா கழியற தொகைக்கு இ-மேண்டேட் விதிகள் வேற இருக்கு, அதனால ஆட்டோ டெபிட் ஃபெயில் ஆகறது சகஜம்.
- டூ-ஃபேக்டர் லாகின் போடணும்.

ஆள் வெச்சுப் பண்றவங்களும் இதை மட்டும் நீங்களே பண்ணுங்க. பதினைந்து நிமிஷ வேலை. வீடு கட்ட மேஸ்திரி வேணும், சரி. அதுக்காக மேஸ்திரி பேர்லயா பத்திரம் போடுவோம்?

3. ஹோஸ்டிங்: "மாசம் வெறும் 99 ரூபாய்" கணக்கு

விளம்பரத்துல பெரிய எழுத்துல ஒரு விலை இருக்கும். அந்த விலை வேணும்னா பெரும்பாலும் 3, 4 வருஷப் பணத்தை மொத்தமா முன்னாடியே கட்டணும். ரினீவல் விலை கீழே சின்ன எழுத்துல இருக்கும். ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். எண்கள் என்னுடையவை, நீங்க பார்க்கற கம்பெனியோட எண்களைப் போட்டுக்குங்க.

விளம்பர விலை மாசம் 99 ரூபாய், 48 மாசம்: 4,752 ரூபாய். ஜிஎஸ்டி 855. மொத்தம் 5,607 ரூபாய்.

ரினீவல் விலை மாசம் 399 ரூபாய், 12 மாசம்: 4,788 ரூபாய். ஜிஎஸ்டி 862. மொத்தம் 5,650 ரூபாய்.

பார்த்தீங்களா? முதல் நாலு வருஷத்துக்குக் கட்டினதை விட அஞ்சாவது ஒரே வருஷத்துக்கு அதிகம். இது ஏமாத்து வேலைன்னு நான் சொல்லல, பக்கத்துலயே எழுதித்தான் வெச்சிருக்காங்க. நாமதான் படிக்கறதில்ல.

அப்போ 48 மாசம் கட்டலாமா, 12 மாசம் கட்டலாமா? 12 மாசத் திட்டத்துல மாசம் 199 ரூபாய்னு வைங்க. 2,388 கூட்டல் ஜிஎஸ்டி 430, மொத்தம் 2,818 ரூபாய். மாசக் கணக்குல ரெண்டு மடங்கு. ஆனா உங்களையே நேர்மையா கேளுங்க: ஜிம்முக்கு ஒரு வருஷ ஃபீஸ் கட்டி எத்தனை நாள் போனீங்க? ஆறே மாசத்துல விட்டுட்டா, ஒண்ணுல நஷ்டம் 2,818, இன்னொண்ணுல 5,607. முதல் சைட்டுக்கு என் ஓட்டு 12 மாசத்துக்குத்தான். ஒரு வருஷம் தாண்டி எழுதினா, அப்புறம் நீண்ட திட்டத்துக்குப் போங்க.

பில் போடற பக்கத்துல தானா டிக் ஆகியிருக்கற கூடுதல் சேவைகளை எடுத்துடுங்க. முக்கியமா எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனிக் காசு கேட்டா யோசிங்க. லெட்ஸ் என்கிரிப்ட்ங்கற அமைப்பு அதை இலவசமா தருது, நிறைய ஹோஸ்டிங் கம்பெனிகள் அதைச் சேர்த்தே கொடுக்கறாங்க. "முதல் வருஷம் டொமைன் இலவசம்"னா ரெண்டாம் வருஷம் என்ன விலைன்னு பாருங்க. என் பழக்கம், டொமைன் ஒரு இடத்துல, ஹோஸ்டிங் வேற இடத்துல. ஒரு இடத்துல பிரச்சினை வந்தா இன்னொண்ணு கையில இருக்கும்.

4. இன்ஸ்டால் பண்ணலாம்

டொமைனும் ஹோஸ்டிங்கும் வேற வேற இடம்னா, ஹோஸ்டிங் கம்பெனி கொடுக்கற நேம்சர்வர் முகவரிகளை டொமைன் கணக்குல போடணும். அது உலகம் முழுக்கப் பரவ சில மணி நேரம், சில சமயம் ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். பதறாதீங்க.

பிறகு ஹோஸ்டிங் கணக்குக்குள்ள "இன்ஸ்டால் வேர்ட்பிரஸ்"னு ஒரு பட்டன் இருக்கும். அஞ்சு நிமிஷ வேலை. யூசர் நேம் "அட்மின்"னு வைக்காதீங்க, திருட வர்றவன் முதல்ல அதைத்தான் போட்டுப் பார்ப்பான். பாஸ்வேர்டு நீளமா இருக்கட்டும்.

உள்ளே போனதும் எழுத ஆரம்பிக்காதீங்க. முதல்ல இந்த அஞ்சையும் முடிங்க:

- செட்டிங்ஸ், ஜெனரல்: சைட் பேர், நேரம். நேர மண்டலத்துல சென்னைன்னு தேடாதீங்க, இருக்காது. கொல்கத்தான்னு இருக்கறதை எடுங்க.
- செட்டிங்ஸ், பெர்மாலிங்க்ஸ்: "போஸ்ட் நேம்"னு மாத்துங்க. இதை இப்பவே பண்ணிடணும். 50 கட்டுரை போட்ட பிறகு மாத்தினா பழைய லிங்க்குகள் உடைய வாய்ப்பிருக்கு.
- செட்டிங்ஸ், ரீடிங்: தேடுபொறிகளைத் தடுக்கச் சொல்ற ஒரு டிக் இருக்கும். வேலை நடக்கும்போது இருக்கட்டும். சைட் திறக்கற அன்னைக்கு மறக்காம எடுங்க. "ஆறு மாசமா கூகுள்ல வரவே இல்ல சார்"னு வர்றவங்கள்ல சிலருக்குக் காரணம் இந்த ஒரு டிக்தான்.
- மாதிரிக்கு இருக்கற போஸ்ட், பேஜ், கமெண்ட் மூணையும் அழிங்க.
- மொழி: டேஷ்போர்டைத் தமிழ்லயும் வெச்சுக்கலாம். யூடியூப் பார்த்துக் கத்துக்கறீங்கன்னா, ஆரம்பத்துல ஆங்கிலத்துலயே விடுங்க, தேட வசதி.

தமிழ்ல எழுதறவங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தலைப்பு தமிழ்ல இருந்தா லிங்க்கும் தமிழ்லயே உருவாகும். அதை வாட்ஸ்அப்ல அனுப்பும்போது சதவீதக் குறியும் எண்ணுமா ஒரு முழம் நீளத்துக்குப் போகும். பப்ளிஷ் பண்றதுக்கு முன்னாடி "ஸ்லக்"ங்கற இடத்துல ஆங்கில எழுத்துல ரெண்டு மூணு சொல் போட்டுடுங்க.

5. போஸ்ட் வேற, பேஜ் வேற

தேதியோட அடுத்தடுத்து வர்றது போஸ்ட். மாறாம நிக்கறது பேஜ். கவிதாவுக்கு அஞ்சு பேஜ் போதும்: முகப்பு, என்னைப் பத்தி, செய்த வேலைகள், கட்டண விவரம், தொடர்புக்கு. அதோட தனியுரிமைக் கொள்கைப் பக்கம் ஒண்ணு. இதுக்கு வேர்ட்பிரஸே ஒரு வரைவு வெச்சிருக்கும், படிச்சுப் பார்த்துத் திருத்திப் போடுங்க. நாளைக்கு ஆட்சென்ஸ் விளம்பரத்துக்கோ பேமென்ட் கேட்வேக்கோ விண்ணப்பிச்சா இந்த மாதிரிப் பக்கங்கள் இருக்கான்னு பார்ப்பாங்க.

தீம்ங்கறது சைட்டோட தோற்றம். கூடவே வர்ற இலவசத் தீம், இல்ல வேர்ட்பிரஸோட அதிகாரபூர்வ பட்டியல்ல இருக்கற இலவசத் தீம் போதும். பிளகின்ங்கறது கூடுதல் வசதி. ஆரம்பத்துல நாலு போதும்: பேக்கப், பாதுகாப்பு, தொடர்புப் படிவம், எஸ்இஓ. ஒவ்வொரு பிளகினும் ஒரு ஜன்னல் மாதிரி, காத்தும் வரும், திருடனும் வரலாம். அப்டேட் வந்தா போட்டுடுங்க, பயன்படுத்தாததை அழிச்சிடுங்க.

காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமை "கிராக் பண்ணது, ஃப்ரீ"ன்னு டெலிகிராம்ல தருவாங்க. தொடாதீங்க. அதுக்குள்ள வேற கோடு ஒளிஞ்சிருந்தா, உங்க சைட்ல இருந்து சூதாட்ட விளம்பரம் ஓடும், உங்களுக்கே தெரியாது.

6. பேக்கப் எடுத்தா மட்டும் போதாது

ஹோஸ்டிங் கம்பெனி பேக்கப் எடுக்கறாங்கன்னு நிம்மதியா இருக்காதீங்க. வீட்டுப் பத்திரத்தோட நகலை அதே பீரோவுலயே வைக்கற மாதிரி அது. பேக்கப் பிளகின்ல வாரம் ஒருதடவை கூகுள் டிரைவுக்குப் போற மாதிரி செட் பண்ணுங்க. ரெண்டு பாகம் வேணும்: ஃபைல்கள், டேட்டாபேஸ். எழுத்தெல்லாம் டேட்டாபேஸ்லதான் இருக்கு, அதை விட்டுட்டு ஃபைல் மட்டும் எடுத்துப் பிரயோஜனம் இல்ல. மூணு மாசத்துக்கு ஒருதடவை அந்த பேக்கப்பை ஒரு சோதனைச் சைட்ல திரும்பப் போட்டுப் பாருங்க. திரும்ப வராத பேக்கப், பேக்கப்பே இல்ல.

7. வருமானம் வந்தா?

இங்கதான் என் ஏரியா. கொஞ்சம் நிதானமா படிங்க.

*முதல்ல ஆஃபர் லெட்டர்.* வெளிவேலை பத்தி என்ன போட்டிருக்குன்னு பாருங்க. சில கம்பெனிகள் முன் அனுமதி கேக்கும், சிலது முழுசாத் தடுக்கும். அரசு ஊழியர்னா நடத்தை விதிகள் தனி, அனுமதி இல்லாம இறங்காதீங்க. ஆபீஸ் லேப்டாப்ல இந்த வேலையைச் செய்யவே செய்யாதீங்க.

*ரிட்டர்ன்.* சைட் மூலமா வர்ற தொழில் வருமானம் இருந்தா ஐடிஆர்-1 போட முடியாது. அனுமான வரி முறைன்னா ஐடிஆர்-4, வரவு செலவுக் கணக்கு வெச்சுன்னா ஐடிஆர்-3. கவிதாவோட இன்டீரியர் வேலை, சட்டத்துல குறிப்பிட்ட தொழில்கள் பட்டியல்ல வருது. 1961-ஆம் வருஷச் சட்டத்துல இது பிரிவு 44ஏடிஏ. 2025-ஆம் வருஷப் புதுச் சட்டத்துல பிரிவு எண் வேற. வருஷ வரவு 1,80,000 ரூபாய்னா, குறைந்தது பாதி, அதாவது 90,000 ரூபாயை லாபமா காட்டணும். அது சம்பளத்தோட சேரும். மீதிப் பாதி செலவுன்னு சட்டமே எடுத்துக்குது, அதனால ஹோஸ்டிங் பில்லைத் தனியா கழிக்க முடியாது.

*அஃபிலியேட் கமிஷன்.* இங்க நிறைய பேர் தப்பு பண்றாங்க. வியாபாரத்துக்கான 44ஏடி முறையில 6 சதவீதம் காட்டினா போதும்னு எங்கேயோ கேட்டுட்டு அதையே போடுவாங்க. கமிஷன், தரகு வருமானத்துக்கு அந்த முறை கிடையாது. கணக்கு வெச்சு ஐடிஆர்-3தான். அப்போ டொமைன், ஹோஸ்டிங் பில் எல்லாம் செலவா காட்டலாம். பில் உங்க பேர்ல இருந்தாத்தான்!

*பழைய முறையா, புது முறையா.* சம்பளம் மட்டும்னா வருஷா வருஷம் மாத்திக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டா அந்த வசதி போயிடும். பழைய முறைக்குப் போகத் தனிப் படிவம் கொடுக்கணும், புதுசுக்குத் திரும்பினா, தொழில் வருமானம் இருக்கற வரைக்கும் மறுபடி பழசுக்கு வர முடியாது. வீட்டுக் கடன், 80சி எல்லாம் வெச்சிருக்கறவங்க முதல் ஆயிரம் ரூபாய் சம்பாதிக்கறதுக்கு முன்னாடியே இதைக் கணக்குப் போட்டுடுங்க.

*அட்வான்ஸ் டாக்ஸ்.* டிடிஎஸ் போக கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயோ அதுக்கு மேலயோ வந்தா அட்வான்ஸ் டாக்ஸ் உண்டு. அனுமான வரிமுறைக்காரங்க மார்ச் 15-க்குள்ள மொத்தமா கட்டலாம்.

*ஜிஎஸ்டி.* தமிழ்நாட்டுல சேவைகளுக்குப் பொதுவா ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினா பதிவு. சம்பளம் அதுல சேராது. ஆரம்பத்துலயே யாராவது "ஜிஎஸ்டி எடுத்துக்கொடுக்கறேன்"னு வந்தா அவசரப்படாதீங்க. எடுத்துட்டா வியாபாரமே இல்லாத மாசத்துக்கும் ரிட்டர்ன் போடணும்.

இதுக்குன்னு தனியா ஒரு சேமிப்புக் கணக்கு திறந்துடுங்க. மார்ச் மாசத்துல சம்பளக் கணக்குல உட்கார்ந்து எந்த 2,500 எங்கிருந்து வந்ததுன்னு தேடறது பெரிய தலைவலி.

இன்னைக்கு ராத்திரி வீட்டுப்பாடம்

ஏற்கெனவே சைட் வெச்சிருக்கறவங்க இந்த அஞ்சு கேள்விக்குப் பதில் எழுதுங்க:

1. டொமைன் யார் பேர்ல, எந்த மெயில்ல இருக்கு?
2. அது எந்தத் தேதியில முடியுது?
3. அடுத்த ரினீவல் தொகை, ஜிஎஸ்டியோட எவ்வளவு?
4. கடைசி பேக்கப் எப்போ, எங்க இருக்கு?
5. நாளைக்கு சைட் பண்ணிக் கொடுத்தவர் போன் எடுக்கலன்னா, நீங்களா லாகின் பண்ண முடியுமா?

அஞ்சாவதுக்குப் பதில் "இல்ல"ன்னா, இன்னைக்கே அவருக்குப் போன் பண்ணுங்க. சண்டை போட வேணாம். "தம்பி, டொமைனை என் பேருக்கு மாத்திக்கொடுத்துடுங்க, லாகின் எல்லாம் ஒரு மெயில்ல அனுப்பிடுங்க"ன்னு சொன்னா போதும். நல்லா இருக்கும்போது கேட்டா அஞ்சு நிமிஷத்துல முடியற வேலை. நான் அன்னைக்கு அதைக் கேக்கல. அந்தத் தம்பி கெட்டவரும் இல்ல. கேட்டிருந்தா கண்டிப்பா கொடுத்திருப்பார்.

புதுசா ஆரம்பிக்கறவங்க, இந்தச் சனிக்கிழமை பிளேகிரவுண்ட்ல ஒரு பக்கம் எழுதிப் பாருங்க. கார்டு அடுத்த வாரம் பார்த்துக்கலாம். மீண்டும் இன்னொரு பாடத்துல சந்திப்போம்.